ஒரு நிமிசம் வெளிய வாங்க சார்

1

போன மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு டாக்டர் என்னைத் தன் அறையிலிருந்து வெளியே போகச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். இந்த ஊரில் எதையும் மரியாதையாகத்தான் சொல்வார்கள். வீட்டு வரியைக் கூட்டியிருக்கிறோம் என்பதைக்கூட வாழ்த்து மடல் மாதிரி எழுதி அனுப்புவார்கள்.

நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே, மழையையும் ஆடுகளையும் தவிர வேறு விசேஷமில்லாத ஒரு சின்ன ஊர். பிறந்து வளர்ந்தது மதுரை திருநகர். இங்கே வந்து இருபத்தோரு வருஷம் ஆகிறது. தொழில், டாக்டர். ஆனாலும் சொந்தப் பிள்ளைக்கு நாமே வைத்தியம் பார்ப்பது இங்கே பெரிய தப்பு. மகள் மதிக்கு அடிக்கடி தலைவலி வந்ததால், போனில் நாற்பது நிமிஷம் வரிசையில் நின்று, எங்கள் பகுதிக்கான டாக்டரிடம் நேரம் வாங்கிக் கூட்டிப்போனேன்.

அந்தப் பெண் டாக்டருக்கு என்னைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. அவர் மதியைப் பார்த்து, "எத்தனை நாளாக வலிக்கிறது?" என்று கேட்டார். நான் பதில் சொன்னேன். "தூக்கமெல்லாம் எப்படி?" என்றார். அதற்கும் நான்தான் சொன்னேன். வழியெல்லாம் காரில் அடுக்கி வைத்துக்கொண்டு வந்திருந்தேன்: எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம், கண்ணாடி பவர், பரீட்சை. மூன்றாவது கேள்விக்கும் நான் வாயைத் திறந்தபோது அவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "மதியோடு கொஞ்சம் தனியாகப் பேசலாம் என்று பார்க்கிறேன். நீங்கள் வெளியே உட்கார முடியுமா?"

நான் மதியைப் பார்த்தேன். 'அப்பா இருக்கட்டும்' என்று சொல்வாள் என்று நினைத்தேன். அவள் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினாறு முடிந்து நாலு மாதம்.

வெளியே ஒரு மீன் தொட்டி. அதற்குப் பக்கத்து நாற்காலியில் இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். முதல் ஐந்து நிமிஷம் கோபம். அப்புறம் பயம். என் பிள்ளைக்கு என்னிடம் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது, அதை முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். போகும்போது கவுண்டரில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'உங்கள் உடல்நல விவரங்களை யாரிடம் தெரிவிக்கலாம்?' என்ற இடத்தில் மதி ஒரு கோடு இழுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

"என்னடா கேட்டாங்க?" என்றேன் காரில்.

"சும்மா பேசினோம்ப்பா. ஐ'ம் ஃபைன்" என்றாள். அவளுடைய தமிழ் இப்போதெல்லாம் ஒரு வாக்கியத்துக்கு மேல் தாங்குவதில்லை. அடுத்த வாக்கியம் இங்கிலீஷுக்குப் போய்விடும், அதற்கடுத்தது ஹெட்போனுக்குள்.

வீட்டில் என் மனைவி இதைக் கேட்டுச் சிரித்தாள். "புதன்கிழமையானா ஊருக்கெல்லாம் இதத்தானே பாடம் எடுக்குறீங்க? உங்களுக்கு வந்தா மட்டும் கசக்குதோ?" என்றாள். கசக்கத்தான் செய்தது. ஆனால் அந்த மீன் தொட்டிக்குப் பக்கத்தில் கடைசிப் பத்து நிமிஷம் நான் நினைத்துக்கொண்டிருந்தது மதியை அல்ல. பேரையூர்ப் பக்கத்து மனிதர் ஒருவரை. அவரும் என்னிடம் ஒரு வார்த்தை தனியாகப் பேசத்தான் கேட்டார்.

2

அந்தப் புதன்கிழமைப் பாடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் எவ்வளவு பெரிய ஆள் என்று உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

இங்கே உள்ள மருத்துவக் கல்லூரியில் வாரம் ஒரு நாள் மாணவர்களுக்கு நோயாளிகளிடம் பேசக் கற்றுக்கொடுக்கிறேன். நோயாளிகள் என்றால் நிஜ நோயாளிகள் இல்லை, நடிகர்கள். ஒரு அம்மாள் பத்து வருஷமாக எனக்கு மாரடைப்பு நோயாளியாக வருகிறார், பிரமாதமாக அழுவார். மாணவர் உள்ளே வர வேண்டும், பெயர் சொல்ல வேண்டும், திரையை இழுத்துவிட வேண்டும், உட்கார்ந்து பேச வேண்டும். கூட வந்திருப்பவர் யார், அவர் இருக்கும்போது பேசலாமா என்று நோயாளியைக் கேட்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நான் மார்க் போடுவேன்.

இங்கே வரும் வெளிநாட்டு டாக்டர்களுக்கும் வைக்கிற இந்தப் பரீட்சையில் நானே முதல் தடவை ஃபெயில் ஆனவன். வந்த புதிதில், நடிகரின் முன்னால் போய் நின்றுகொண்டு, "உங்க பிரச்சினை என்ன?" என்று இங்கிலீஷில் கேட்டேன். மதுரையில் ஒரு காலைப்பொழுதுக்கு நூறு தடவை கேட்கிற கேள்வி. அதில் தப்பு இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை. அந்த மனிதர் நான் சண்டைக்கு இழுத்தது மாதிரி பார்த்தார். பதினெட்டுக் கேள்வி வரிசையாகக் கேட்டு, நோயையும் சரியாகக் கண்டுபிடித்தேன். தாளில் எழுதியிருந்தார்கள்: 'விவரம் எல்லாம் சேகரித்துவிட்டார். அந்த மனிதரைத்தான் சந்திக்கவில்லை.'

எனக்கு ஆத்திரமாக வந்தது. இவர்கள் ஒரு நாளைக்குப் பத்துப் பேரைப் பார்ப்பார்கள், நாங்கள் ஒரு மணி நேரத்தில் அறுபது பேரைப் பார்த்தோம், எங்களுக்கா பேசக் கற்றுத்தருவது என்று மனைவியிடம் பொருமினேன். அறுபது பேரைப் பார்த்தது உண்மை. அந்த அறுபதை எல்லாவற்றுக்கும் மருந்தாக நான் வெகுநாள் பூசிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் காலத்தில் நடத்தை அறிவியல் என்று மொத்தமாக நாலைந்து வகுப்பு நடந்திருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, மின்விசிறி ஓடாத ஹாலில். 'மனப்பான்மை - சிறுகுறிப்பு வரைக' என்று ஒரு கேள்வி வரும். அதை ஆறு வரியில் எழுதத் தெரியும் எனக்கு. எதிரே நிற்கிற மனிதனின் முகத்தைப் பார்க்கத்தான் தெரியாது.

3

இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தேன். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வார்டில் கிடக்க வேண்டும். ரத்தம் எடுப்பது, கேஸ் ஷீட் எழுதுவது, பெரியவர்களிடம் திட்டு வாங்குவது எல்லாம் ஹவுஸ் சர்ஜன் வேலை.

அந்தப் பெண்ணின் பெயரைப் பாண்டிச்செல்வி என்றும், அவள் அப்பா பெயரைக் கருப்பையா என்றும் வைத்துக்கொள்கிறேன். இரண்டுமே நிஜமில்லை. ஊரும் சொல்லப்போவதில்லை. படிக்கிற உங்களில் யாராவது 'இது இன்னாராகத்தான் இருக்கும்' என்று நினைத்தால், அவராக இருக்காது. அதற்கு வேண்டியதை எல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன்.

அவளுக்கு இருபது வயது, கல்யாணமாகி ஆறு மாதம். அடுப்படியில் விழுந்து கைகால் வெட்டி இழுத்தது என்று மாமியாரும் புருஷனும் கூட்டிவந்து சேர்த்தார்கள். நான் கேஸ் ஷீட் எழுதப் போனபோது அவள் கட்டிலைச் சுற்றி எட்டுப் பேர் இருந்திருப்பார்கள். அவளுடைய ஆட்கள், பக்கத்துக் கட்டில்காரரின் ஆட்கள், சும்மா வேடிக்கை பார்த்தவர்கள். நம் ஆஸ்பத்திரிகளில் திரை கிடையாது. ஒரு கட்டிலின் வியாதி ஒரு வார்டுக்கே தெரியும், யாருக்கு எத்தனை இட்லி என்பது வரைக்கும்.

"ஏம்மா, முன்னாடி இந்த மாதிரி வந்திருக்கா?" என்றேன்.

அவள் மாமியாரைப் பார்த்தாள். "இல்ல சார்" என்றாள்.

'முன்பு வந்ததில்லை' என்று எழுதிக்கொண்டேன். ஒரு பதில் யார் காதில் விழப்போகிறதோ அதைப் பொறுத்துத்தான் வாயிலிருந்து வரும் என்று இன்று நான் மாணவர்களுக்குச் சொல்கிறேன். அன்று அவள் பார்த்த பார்வை என் கண்ணிலும் பட்டது. பட்டும் அது எனக்கு ஒரு தகவலாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை அவள் அப்பா ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், என் அப்பா வயது. கூலி வேலை செய்து, பிறகு ஏதோ கொஞ்சம் நிலம் சம்பாதித்தவர். கையில் மஞ்சப்பை. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வர இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. நாலு கேஸ் ஷீட் பாக்கி. நான் கட்டிலுக்கு வந்ததும் வழக்கம்போல, "பழைய சீட்டு ஏதும் இருந்தா எடுங்க" என்று சொன்னேன். எல்லாக் கட்டிலிலும் சொல்வதுதான். ரேஷன் கார்டு, எக்ஸ்ரே, பேர் அழிந்த மருந்துச் சீட்டு என்று எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டுதான் நம் சனங்கள் வருவார்கள்.

அவர் பைக்குள் கையை விட்டார். விட்ட கையை எடுக்காமல் என் அருகில் வந்து, மெதுவாக, "சார், ஒரு நிமிசம் வெளிய வாங்க சார்" என்றார்.

"எதுனாலும் இங்கயே சொல்லுய்யா. எனக்கு நேரமில்ல."

"இல்ல சார், ஒரு நிமிசம்."

"அதான் சொல்றேன்ல. என்ன அது கையில?"

பைக்குள்ளிருந்து பாதி வெளியே வந்திருந்த சீட்டை நானே வாங்கிப் பிரித்தேன். ஆறு வருஷத்துக்கு முந்தைய சீட்டு, வலிப்புக்கான மாத்திரை. எனக்கு என்ன தோன்றியது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சந்தோஷமாக இருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம்.

"பதினாலு வயசுலேர்ந்து வலிப்பு மாத்திரை சாப்ட்ருக்கா. எப்ப நிறுத்துனீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் முந்தி" என்றார்.

"ஏன்யா மறைச்ச?"

இதை நான் சத்தமாகக் கேட்டேன். என்னை விட இருபத்தெட்டு வயது மூத்த மனிதரிடம், வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி. பதிலுக்கு நான் காத்திருக்கவுமில்லை, ரவுண்ட்ஸ் வந்துவிட்டது. பெரிய டாக்டரிடம் சீட்டை நீட்டி, வியாதியின் முன்கதையோடு கேஸை ஒப்பித்தேன். அவர் என் தோளைத் தட்டி, "நல்லா ஹிஸ்டரி எடுத்திருக்கப்பா" என்றார். அந்த வருஷம் முழுவதும் நான் வாங்கிய ஒரே பாராட்டு அதுதான்.

ரவுண்ட்ஸ் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தபோது மாமியார் எழுந்து தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். புருஷன் கொஞ்ச நேரம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான், பிறகு அவனும் போனான். சாயங்காலம் அந்தக் கட்டிலருகே அவள் அப்பா மட்டும்தான் இருந்தார். மூன்றாம் நாள் யாரோ ஒரு ஆள் வந்து அவளுடைய சேலை, பாத்திரமெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டிக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டுப் போனார். நான் ஊசி போடப் போனபோதெல்லாம் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கையை மட்டும் நீட்டினாள்.

4

கதிரேசன் என் வகுப்புத் தோழன். இன்று மதுரையிலேயே ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறான். ஏப்ரலில் போன் செய்தான்.

"மாப்ள, ஜூலைல ஊருக்கு வாரேல்ல? எங்க பிள்ளைகளுக்கு ஒரு கிளாஸ் எடுத்துட்டுப் போ. இப்ப இதுக்குன்னே பாடம் வந்துருச்சுடா. நோயாளிகிட்ட எப்படிப் பேசணும், அவுக மனசு எப்படி வேல செய்யும், அதெல்லாம். இங்க அத எடுக்க ஆள் இல்ல. நீ வெளிநாட்டுல அதானே பண்ற?"

சரி என்றேன். பாண்டிச்செல்வி கதையை அவனிடம் சொன்னேன். அவனும் அப்போது அதே வார்டில்தான் இருந்தான், ஆனால் அவனுக்கு ஞாபகமில்லை.

"மறைச்சுக் கட்டிக்குடுத்தது அவுக தப்புதானே? நீ என்ன பொய்யா சொன்ன?"

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு நம்ம ஊர்லதானடா சொல்றாங்க. தப்பா சரியான்னு தீர்ப்பு சொல்ற வேல எனக்கு யார் குடுத்தா? எனக்கு வேண்டியது ஒரே ஒரு தகவல். மாத்திரைய நிறுத்துனாளா இல்லையா. அத வராந்தாவுல வச்சு அந்த ஆள் சொல்லியிருப்பாருடா."

"அன்னைக்கு வேல எம்புட்டு இருந்துச்சு. நமக்கெல்லாம் இருபத்து மூணு வயசு."

"ஒரு நிமிசம்தான் கேட்டாரு."

கதிரேசன், "இதையே கிளாஸ்ல சொல்லு" என்றான்.

சொன்னேன். ஐம்பது படம் போட்டுக் காட்டத் தயார் செய்திருந்தேன், நோயாளிகள் ஏன் மாத்திரை சாப்பிடுவதில்லை, ஏன் பொய் சொல்கிறார்கள், ஏன் தாமதமாக வருகிறார்கள் என்று. மேடையில் ஏறியதும் அவற்றை விட்டுவிட்டேன். நோயாளியின் நடத்தையைப் பற்றிப் புத்தகத்தில் நிறைய இருக்கிறது, அதைப் பரீட்சைக்கு முதல் நாள்கூடப் படித்துக்கொள்ளலாம். முதலில் நம் நடத்தையைப் படியுங்கள் என்றேன். நின்றுகொண்டு கேட்கிறீர்களா, உட்கார்ந்து கேட்கிறீர்களா? அப்பா வயதுக்காரரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறீர்கள்? ஒரு பெண் 'இல்லை' என்று சொல்வதற்கு முன்னால் யாரைப் பார்க்கிறாள்? மாத்திரையை நிறுத்திவிட்டாள் என்றால், அதை அந்த வீட்டில் எங்கே வைத்துக்கொள்ள முடியும் என்று எப்போதாவது யோசித்தீர்களா? மாமியாரும் நாத்தனாரும் புழங்குகிற ஒரே அறையில், ஒரே அலமாரியில் ஒரு மாத்திரை அட்டையை எங்கே ஒளிப்பது? வலிப்பைப் பற்றி எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அந்த அலமாரியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. வலிப்பு ஒரு வியாதிதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அது எனக்கும் உங்களுக்கும் தெரிந்தால் போதாது, அந்தக் கட்டிலைச் சுற்றி நிற்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். தெரிகிறவரைக்கும் அவளுடைய ரகசியத்தை வைத்துக்கொள்வதும் வைத்தியம்தான்.

நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். சில பிள்ளைகள் போனைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்கள். முடிந்ததும் மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"சார், அவங்க இப்ப எப்படி இருக்காங்க?"

இருபத்து மூன்று வருஷமாக அவளை நினைத்துக்கொண்டிருக்கிறேன், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மதுரைக்கு வருகிறேன், எழுபது கிலோமீட்டருக்குள் இருக்கிற ஊர். ஒரு தடவை கூடப் போய் விசாரிக்கவில்லை. அவளை ஒரு கதையாக வைத்துக்கொண்டு அங்கேயும் இங்கேயும் சொல்லி நல்ல பேர் வாங்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணிடம், "தெரியலம்மா" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

5

கேஸ் ஷீட்டில் அவள் அப்பா பேரோடு நான் என் கையால் எழுதிய ஊர்ப் பேர் மறக்கவில்லை. மறுநாள் காலை கதிரேசனின் காரை வாங்கிக்கொண்டு திருமங்கலம் தாண்டிப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன். ஆங்கிலத்தில் எனக்கு அது சுலபமாக வரும், ஒரு நாளைக்கு முப்பது தடவை 'சாரி' சொல்கிற ஊரில் இருக்கிறேன். தமிழில் என்ன சொல்வது என்று பேரையூர் வரும்வரை யோசித்தும் ஒரு வாக்கியம் அமையவில்லை.

ஒன்று மட்டும் சரியாகச் செய்தேன். காரை ஊருக்குள் கொண்டுபோகவில்லை. மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்தேன். டாக்டர் என்று யாரிடமும் சொல்லவில்லை. அப்பா பேரை மட்டும் சொல்லி வீடு கேட்டேன்.

கருப்பையா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அடுப்புக்காகக் காய்ந்த பருத்திமார்க் குச்சியை ஒடித்துக்கொண்டிருந்தார். எழுபத்தைந்துக்குப் பக்கத்தில் இருக்கும். கண்ணாடி போட்டிருந்தார். "ஐயா, வணக்கம். மதுரையிலேர்ந்து வாரேன்" என்றேன்.

அவர் ஒடிப்பதை நிறுத்தினார். முகத்தைப் பார்க்கவில்லை. குச்சியைக் கீழே போட்டுவிட்டு, "உள்ள வாங்க" என்று எழுந்து போனார். நான் நுழைந்ததும் கதவைச் சாத்திவிட்டு, "அந்த ஆசுபத்திரி டாக்டரு" என்றார்.

"எப்படிங்கய்யா கண்டுபிடிச்சீங்க?"

"சத்தம்."

உட்காரச் சொன்னார். சொம்பில் தண்ணீர் கொடுத்தார். வீட்டில் வேறு யாருமில்லை, அவர் மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறதாம். நான் தயார் செய்யாத வாக்கியத்தைத் தொடங்கினேன். "அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுங்கய்யா. நீங்க வெளிய கூப்பிட்டீங்க, நான் வரல."

அவர் சொம்பை வாங்கிக் கீழே வைத்தார். "நாந்தான் அந்தச் சீட்டக் கொண்டாந்திருக்கக் கூடாது" என்றார். "பஸ்ஸுல வரும்போதே நெனச்சேன், கிழிச்சுப் போட்ருவமான்னு. வைத்தியம் பாக்குறவுகளுக்குத் தெரியணுமேன்னு கொண்டாந்தேன். அவ ஆத்தா சாகுறவரைக்கும் அதச் சொல்லிச் சொல்லித்தான் ஏசுவா."

இருபத்து மூன்று வருஷம் நான் சுமந்ததாக நினைத்துக்கொண்டிருந்ததை உண்மையில் சுமந்தவர் அவர்தான்.

"இப்ப எங்க இருக்காங்க?"

"கட்டிக்குடுத்துட்டேன். ரெண்டாந்தாரமா. நல்ல மனுசன். ஒரே பொம்பளப் பிள்ள, காலேசு போகுது. அதுக்குத்தான் இப்ப பொண்ணு கேட்டு வாராக."

"மருமகனுக்குத் தெரியுமா?"

"அங்க யாருக்கும் தெரியாது. எனக்கும் அவளுக்குந்தான்." என்னைப் பார்த்து, "ஒங்களுக்கும்" என்றார்.

அப்புறம் அவராகவே பேசினார். இதைப் பேச அவருக்கு வேறு ஆள் கிடையாது என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. அலமாரியிலிருந்து ஒரு கால்சியம் மாத்திரை டப்பாவை எடுத்துக் காட்டினார். தெரிந்த மருந்துக்கடையில் வலிப்பு மாத்திரை வாங்கி, அட்டையைப் பிதுக்கி, ஒவ்வொன்றாக இந்த டப்பாவில் போடுவாராம். அட்டையை அடுப்பில் எரித்துவிடுவாராம். மாதம் ஒரு தடவை மகளைப் பார்க்கப் போகிறது போல இரண்டு பஸ் மாறிப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். இடுப்பு வலிக்குச் சத்து மாத்திரை என்று அந்த வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதே மாத்திரை, அதே அளவு, அன்று வார்டில் நாங்கள் எழுதிக் கொடுத்தது. அதற்குப் பிறகு வலிப்புக்காக எந்த டாக்டரும் அவளைப் பார்க்கவில்லை.

"இடைல ஒரு தடவ வந்துச்சு. அடுப்புல கை விழுந்து வெந்துபோச்சு. கால் தடுக்கி விழுந்தான்னு சொல்லிட்டோம். கொண்டுபோன ஆசுபத்திரிலயும் கேட்டாக, முன்னாடி எதும் வந்திருக்கா, பழைய சீட்டு இருக்கான்னு. ஒண்ணுமில்லன்னுட்டேன். அன்னைலேர்ந்து நான் எங்கயும் சீட்டுக் கொண்டு போறதில்ல சார்."

மாணவர்களுக்கு நான் ஒரு மணி நேரம் சொன்ன பாடத்தை அவர் என்னிடம் ஒரே நாளில் படித்து முடித்திருக்கிறார், தலைகீழாக. டாக்டரிடம் உண்மையைச் சொல்லக்கூடாது என்பதை அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

"ஐயா, மதுரையில என் கூட்டாளி இருக்கான். நல்ல டாக்டர். தனியா வந்து காட்டட்டும், யாருக்கும் தெரியாம நான் ஏற்பாடு பண்றேன். அளவு மாத்த வேண்டியிருக்கலாம், ரத்தம் பாக்கணும்."

"சீட்டு எழுதுவாரா?"

"எழுதித்தானே ஆகணும்."

"அப்ப வேணாம் சார்."

"நான் ஒரு தடவ அவங்களப் பாக்கலாமா? எந்த ஊர்னு..."

அவர் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். கையெடுத்துக் கும்பிட்டார். "அங்க மட்டும் போயிராதீக. பேத்திக்கு மாப்பிள்ள பாக்குற நேரம்."

நான் யாருக்காக மன்னிப்புக் கேட்க வந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. எனக்காக. அவளுக்கு என் மன்னிப்பால் ஒரு பிரயோசனமும் இல்லை. நான் அவள் வாசலில் போய் நின்றால், 'யாரு இவரு?' என்ற ஒரு கேள்வி வரும். அந்த ஒரு கேள்வியே அவளுக்குப் போதும்.

"போகலங்கய்யா" என்றேன். "ஒங்களுக்குப் பிறகு யாரு கொண்டுபோய்க் குடுப்பா?"

டப்பாவை மூடி, குலுக்கிப் பார்த்து, அலமாரியில் வைத்தார். "அதான் சார் தெரியல" என்றார்.

கதிரேசனின் நம்பரை ஒரு தாளில் எழுதினேன். பெயர் மட்டும், நம்பர் மட்டும், டாக்டர் என்று எழுதவில்லை. அவர் வாங்கிப் பார்த்தார். கிழிக்கவில்லை, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதை எடுத்து என்றைக்காவது பேசுவாரா என்று எனக்குத் தெரியாது. இதை எழுதுகிற இன்று வரை பேசவில்லை.

கதவைத் திறந்தோம். வெளியே எதிர்வீட்டுப் பெண் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். சாத்திய கதவு அவளை இழுத்து வந்திருக்க வேண்டும்.

"யாரு சித்தப்பா இது, புது ஆளா இருக்கு?"

அவர் முகத்தில் அந்தப் பழைய வார்டு தெரிந்தது. கை சட்டைப்பைக்குப் போனது. அவர் வாயைத் திறக்கும் முன்னால் நான் சொன்னேன்.

"கரண்ட் ஆபீஸ்லேர்ந்து வாரேன்மா. மீட்டர் பாக்க."

"போன வாரந்தான எழுதிட்டுப் போனாக?"

"அது ரீடிங். இது பழைய மீட்டர மாத்துறதுக்கு."

"எங்க வீட்டுக்கு எப்ப மாத்துவீக? அது பாட்டுக்கு ஓடுது."

"வருவாங்கம்மா. வரிசையாத்தான் வருவாங்க."

அவள் என்னவோ முணுமுணுத்துக்கொண்டு போனாள். கருப்பையா என்னோடு தெருமுனை வரை வந்தார். முனையில் நின்று, அந்தப் பெண் வீட்டுக்குள் போய்விட்டாளா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அன்னைக்கும் இம்புட்டுத்தான் சார் கேட்டேன்" என்றார்.